பட்டறையிற் கற்ற கல்வியும் பட்டத்தின் மதிப்பும்

நம் சங்கத்தின் உபகாரச் சம்பளக் குழு இவ்வாண்டு விண்ணப்பங்களைப் பரிசீலிக்கக் கூடியபோது எழுந்த ஒரு விவாதமே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. நம் முன்னோர் வகுத்துவைத்த விதியில், "கலாசாலையிற் பயிலும் மாணாக்கர்க்கு" என்னும் சொற்கள் உள. வந்த விண்ணப்பங்களுள் ஒன்று, கணபதியில் ஒரு பம்ப்செட்டுத் தொழிற்சாலையிலே தொழில் பழகுநராக இருக்கும் இளைஞர் ஒருவருடையது. அவர் ஐ.டி.ஐ. படிப்பை முடித்தவர். பகலெல்லாம் லேத்தில் நின்று வேலை பழகுகின்றார். தாம் பழகும் வேலையையும் பட்டப் படிப்பின் ஒரு பகுதியாக எண்ணிக் கொள்ளும் திட்டங்கள் வந்துவிட்டன என்றும், ஆதலின் தம்மையும் மாணாக்கர் வரிசையிற் சேர்க்கவேண்டும் என்றும் அவர் எழுதியிருந்தார்.

குழுவின் மூத்த அங்கத்தினர் ஒருவர், "பட்டறைக்குப் போகிறவனுக்கு முதலாளி சம்பளம் கொடுக்கிறான், சங்கம் எதற்குக் கொடுக்க வேண்டும்?" என்றார். மற்றொருவர், "காலேஜில் தூங்குகிறவனுக்குக் கொடுக்கலாம், பட்டறையில் விழித்திருக்கிறவனுக்குக் கொடுக்கக் கூடாதா?" என்று வெடுக்கென்று கேட்டார். ஒரு நாழிகை வாதம் நடந்தது. முடிவில் விண்ணப்பம் தள்ளப்படவுமில்லை, ஏற்கப்படவுமில்லை. வருகிற மகாசபைக்கு விடப்பட்டது. அச்சபையில் நம்மவர் கையுயர்த்துமுன், கல்லூரிச் சுவருக்கு வெளியே கற்ற கல்விக்கு நம் கொங்குநாட்டில் எப்போது, எவ்வாறு மதிப்புக் கிடைத்தது, எப்போது கிடைத்தது பறிபோயிற்று என்னும் வரலாற்றை ஒருமுறை பார்த்துக்கொள்வது நலம் என்று எமக்குத் தோன்றியது.

இது நேற்று முளைத்த கேள்வி என்று பலர் எண்ணுகின்றனர். அஃது அன்று. கோயமுத்தூரில் மருதமலைச் சாலை வழியே போகிறவர்கள் காணும் விவசாயக் கல்லூரியின் கதையையே எடுத்துக்கொள்வோம். அதன் வேர் சென்னைச் சைதாப்பேட்டையில் 1868-ஆம் ஆண்டில் தொடங்கிய ஒரு விவசாயப் பள்ளி. 1906-ல் அது கோயமுத்தூருக்குக் கொண்டுவரப்பட்டது. மண்ணையும் பயிரையும் கற்பிக்கும் அக்கல்வி சென்னைச் சர்வகலாசாலையோடு இணைக்கப்பட்டது 1920-ஆம் ஆண்டில். கணக்கிட்டால் 52 ஆண்டுகள். அந்த 52 ஆண்டுகளில் அங்கே பயின்றவர்கள் கற்றது 1920-க்குப் பின் கற்றவர்கள் கற்றதினின்றும் தலைகீழாக வேறுபட்டதோ? ஏர் அதே ஏர்தான். எருவும் அதே எருதான். மாறியது முத்திரை. பின்னர் 1971-ல் அதுவே தனிச் சர்வகலாசாலை ஆயிற்று. இப்போது தானே பிறருக்கு முத்திரை இடுகிறது!

முத்திரை இடுவது யார், கற்பிப்பது யார் என்பதைப் பிரித்துப் பார்க்கவேண்டும் என்ற எண்ணம் மேனாட்டில் முன்னமே எழுந்தது. 1858-ல் இலண்டன் சர்வகலாசாலை தன் சாசனத்தை மாற்றி, எந்தக் கல்லூரியிலும் சேராதவரும் தன் பரீட்சை எழுதிப் பட்டம் பெறலாம் என்று விதித்தது. வீட்டிலிருந்து படித்தவரும், கடையிலே வேலை செய்துகொண்டு இரவில் படித்தவரும் அதனால் பட்டதாரிகளாயினர். நம் இலங்கைத் தமிழர்க்கு இவ்வேற்பாடு நன்கு தெரியும். கொழும்பில் 1921-ல் தோன்றிய யூனிவர்சிட்டி காலேஜ் தானாகப் பட்டம் அளிக்கும் உரிமை இல்லாதது. அங்கே பயின்றவர்கள் 1942-ல் இலங்கைச் சர்வகலாசாலை நிறுவப்படும் வரையில் இலண்டன் பரீட்சையே எழுதினர். யாழ்ப்பாணத்து ஆசிரியர் பலர் கடல் கடந்து போகாமலே இலண்டன் பட்டம் பெற்ற விருத்தாந்தமும் இதுவே. நம் சென்னைச் சர்வகலாசாலை, இலண்டனை மாதிரியாகக் கொண்டு 1857-ல் நிறுவப்பட்டது. மறு ஆண்டே மாதிரி மாறிவிட்டது, பிரதி மாறவில்லை. கல்லூரியிற் சேர்ந்து, நாள்தோறும் வருகை காட்டி, அதன்பின் பரீட்சை என்னும் முறையே நம் மாகாணத்தில் வேரூன்றியது.

நிற்க. நம் நாட்டிலோ தொழில், கல்லூரிக்காகக் காத்திருக்கவில்லை. பைக்காரா மின்சாரம் 1930-களில் நம் பக்கம் வந்தபின் மில்களும், மில்களைப் பழுது பார்க்கும் பட்டறைகளும், கிணற்று நீரை இறைக்கும் மோட்டார் செய்யும் பட்டறைகளும் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. அவற்றில் வேலை செய்தவர் பெரும்பாலோர் கரும்புக் காட்டிலும் பருத்திக் காட்டிலும் இருந்து வந்தவர். வார்ப்படத்துக்கு மண் பிசையவும், மோட்டாருக்குக் கம்பி சுற்றவும் அவர்கள் பக்கத்தில் நின்றவரைப் பார்த்தே கற்றனர். பீளமேட்டிற் பூ. சா. கோ. அறநிலையத்தார் 1926-ஆம் ஆண்டிலேயே ஒரு தொழிற்கூடத்தை நிறுவியதை இங்கே மறவாது குறிப்பிட வேண்டும். ஒரு தந்தையின் பெயரால் மைந்தர் நால்வர் கூடித் தம் சொத்தில் ஒரு பங்கைத் தருமத்துக்கு ஒதுக்கினர். அத்தருமத்திற் சத்திரம் மட்டும் கட்டாமல், இரும்பு வேலை கற்பிக்கும் கூடமும் கட்டினர். பொருள் செய்யும் இடமும் கல்வி கற்கும் இடமும் ஒரே வளாகத்தில் இருந்தன. 1939-ல் பாலிடெக்னிக்கும், 1951-ல் பொறியியற் கல்லூரியும் அதன் பக்கத்தில் வந்தன. பட்டறை முதலில், கல்லூரி பின்னர் என்னும் இவ்வரிசையை நேயர்கள் மனத்திற் கொள்க.

இனி, இவ்வரலாற்றின் நடுநாயகமான ஒருவரைப் பற்றிச் சொல்லவேண்டும். கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்த திரு. ஜி. டி. நாயுடு அவர்கள் பள்ளிப் படிப்பில் நிலைத்தவரல்லர். வெள்ளைக்காரர் ஒருவரிடம் கண்ட மோட்டார் சைக்கிளின்மீது ஆசை கொண்டு, அதை வாங்குவதற்காக ஓட்டலிலே பரிமாறும் வேலை செய்து பணம் சேர்த்தார் என்பதும், வாங்கியதைக் கழற்றிப் பூட்டிக் கற்றார் என்பதும் நம் ஊர்ச் சிறுவரும் அறிந்த செய்திகள். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே ஒரு பஸ்ஸைத் தாமே ஓட்டித் தொடங்கினார். 1937-ல் திரு. பாலசுந்தரம் நாயுடு அவர்களோடு சேர்ந்து, இந்தியாவிலே செய்யப்பட்ட முதல் மின்சார மோட்டார் என்று போற்றப்படும் மோட்டாரை உருவாக்கினார். பரீட்சை மண்டபத்தை அறியாத ஒருவர் செய்த காரியம் இது.

இத்தகையவர் 1945-ல் கல்லூரி தொடங்கினார். அக்காலத்துச் சென்னை மாகாண ஆளுநர் ஸர் ஆர்தர் ஹோப் பெயரால் ஒரு பாலிடெக்னிக்கும் ஒரு பொறியியற் கல்லூரியும் எழுந்தன. நாயுடு அவர்களே கல்லூரித் தலைவராக இருந்து நடத்தினார். பட்டமில்லாதவர் பட்டம் தரும் கல்லூரிக்குத் தலைவர்! இந்த விந்தை நெடுநாள் நீடிக்கவில்லை. பொறியியலுக்கு நான்கு ஆண்டுகள் என்னும் விதி வீண் காலவிரயம் என்பது அவர் கொள்கை. வேண்டாத பாடங்களை நீக்கி, இயந்திரத்தின் முன் நிறுத்திக் கற்பித்தால் இரண்டு ஆண்டுகளே போதும் என்று அவர் வாதிட்டார். அரசாங்கத்தார் இணங்கவில்லை. அவரும் இணங்கவில்லை; பதவியைத் துறந்தார். கல்லூரி அரசாங்கத்தின் கைக்குப் போயிற்று. 1950-ல் தடாகம் சாலைக்கு மாறி, அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி என்னும் பெயரால் இன்றளவும் நற்பெயரோடு நடந்து வருகிறது. அவிநாசி சாலையில் "ஹோப் காலேஜ்" என்னும் பஸ் நிறுத்தம் மாத்திரம் பழைய பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்கே இறங்கும் பிள்ளைகளில் எத்தனை பேர் அப்பெயரின் வரலாற்றை அறிவர்?

நாயுடு அவர்களின் வாதத்தைப் பற்றி எம் அபிப்பிராயத்தை மறையாது சொல்வோம். அவர் சொன்னதிற் பாதி மெய். காலத்தை அளந்து கல்வியை அளந்ததாக எண்ணுவது பிழை. நான்கு ஆண்டு பெஞ்சில் உட்கார்ந்தவனும் நான்கு ஆண்டு படித்தவனும் ஒருவனே என்று எந்த மில் முதலாளியும் ஒப்பமாட்டார். ஆனால் மறுபாதியை அவர் கருதவில்லை என்று அஞ்சுகிறோம். அவருடைய பட்டறையில் இரண்டு ஆண்டு பயின்றவனை அவர் அறிவார். அவன் கைவேலையைத் தம் கண்ணால் பார்த்தவர் அவர். அவன் பம்பாய்க்குப் போய் வேலை கேட்டால் அங்கே இருப்பவர் எதைப் பார்த்து அவனை அளப்பார்? நாயுடு அவர்களின் கண்ணை அவன் கூடவே எடுத்துச் செல்ல இயலாதே! அவருடைய இரண்டு ஆண்டைப் பிறர் ஒப்பும் வண்ணம் அளந்து எழுதித் தரும் ஒரு பொது நடுவர் அக்காலத்தில் இருந்திருந்தால், அவர் பதவி துறக்க நேர்ந்திராது என்பது எம் துணிபு.

அத்தகைய நடுவர் ஒருவகையில் அப்போதே இருந்தனர் என்பதுதான் வியப்பு. 1920-ல் பதிவு செய்யப்பட்டு, 1935-ல் அரச சாசனம் பெற்ற இந்தியப் பொறியாளர் நிறுவனத்தைச் சொல்கிறோம். நம் பட்டறை உலகில் ஏ.எம்.ஐ.இ. என்னும் எழுத்துக்களை அறியாதவர் இல்லை. முதற்பிரிவு, இரண்டாம் பிரிவு என இரு பிரிவாகப் பரீட்சை. கல்லூரி வாசலை மிதிக்க வேண்டுவதில்லை. எங்கே வேலை செய்தாலும், தானே படித்து எழுதித் தேறினால் பி.இ. பட்டத்துக்கு ஒப்பு என்று மத்திய அரசாங்கம் ஏற்றிருந்தது. பகலில் வரைபட மேஜையிலும் மில்லின் மின்பிரிவிலும் வேலை செய்து, இரவில் தெருவிளக்குப் போன்ற மங்கிய விளக்கின்கீழ்ப் படித்து, ஒவ்வொரு பாடமாகத் தேறி, ஏழெட்டு ஆண்டுகளில் முடித்தவர்களை யாம் அறிவோம். தேறாமற் போனவர்கள் தேறியவர்களினும் பலர். பரீட்சை கடுமையானது, அக்கடுமையே அதற்கு மதிப்பைக் கொடுத்தது.

யாம் நேரில் அறிந்த ஒருவர், வார்ப்பட ஆலையில் மாதிரி செய்யும் ஆசாரிமாரோடு சிறுவயதில் வேலைக்குச் சேர்ந்தவர். பாலிடெக்னிக் பட்டயம் பெற்று, பின்னர் ஏ.எம்.ஐ.இ. இரண்டு பிரிவையும் முடித்தார். பதவி உயர்வுக்கு அப்பத்திரத்தைக் கொண்டுபோனபோது ஓர் அலுவலகத்தில், "இது பட்டமா, சங்கத்து அங்கத்தினர் சீட்டா?" என்று கேட்டனராம். ஒப்பென்று கூறும் அரசாணையின் நகலைத் தேடி எடுத்துக் கொடுக்க அவருக்குப் பதினான்கு மாதம் ஆயிற்று. கொடுத்தபின் உயர்வும் கிடைத்தது. இதைச் சொல்லும்போதெல்லாம் அவர் சிரிப்பார். எமக்குச் சிரிப்பு வருவதில்லை. அவர் கற்றதை ஒருவரும் ஐயுறவில்லை, தாளைத்தான் ஐயுற்றனர்.

அவர் நல்ல காலத்தில் முடித்தார். 2013-ஆம் ஆண்டு மே மாதம் 31-ஆம் நாளுக்குள் பெயர் பதிந்தவர்களுக்கு மட்டுமே அந்த ஒப்பு செல்லும் என்று மத்திய அரசாங்கம் வரையறுத்துவிட்டது. அதன்பின் சேர்ந்தவர் எவ்வளவு படித்துத் தேறினாலும், அரசாங்க உத்தியோகத்துக்கு அதைப் பி.இ. என்று நீட்ட வழியில்லாமற் போயிற்று. பரீட்சை எளிதாயிற்றா? பாடம் குறைந்ததா? ஒன்றும் இல்லை. ஒரு தேதி மாறியது. ஜூன் மாதம் முதல் நாளிற் சேர்ந்த பையனுக்கும் மே மாதம் முப்பதாம் நாளிற் சேர்ந்த பையனுக்கும் மூளையில் வேற்றுமை இல்லை, முத்திரையில் வந்தது.

ஏ.எம்.ஐ.இ. தனிவழி. கல்லூரிகளே பட்டறைக்குக் கதவு திறந்த வழிகளும் நம் ஊரில் உண்டு. அவற்றைப் பாராட்டாமல் விடுவது நன்றி மறத்தலாகும். 1956-ல் தொடங்கிய கோயமுத்தூர்த் தொழில்நுட்பக் கல்லூரியும், பூ. சா. கோ. கல்லூரியும், தடாகம் சாலைக் கல்லூரியும் வேலையில் இருக்கும் பட்டயக்காரர்களுக்கு மாலை நேரத்தில் பகுதிநேரப் பி.இ. நடத்தின. மில் சங்கு ஊதியதும் எண்ணெய்க் கையைக் கழுவிக்கொண்டு சைக்கிளில் அவிநாசி சாலையை நோக்கி விரைந்த ஒரு தலைமுறையே நம்மிடம் இருந்தது. பின்னாளில் தமிழ்நாடு முழுவதற்குமான பகுதிநேரப் பி.இ. சேர்க்கையை நம் ஊர்க் கல்லூரியே நடத்தியதும் காரணமில்லாமல் அன்று. பூ. சா. கோ. கல்லூரியில் மற்றோர் ஏற்பாடும் உண்டு: வகுப்பறையும் தொழிற்கூடமும் மாறி மாறி வரும் ஐந்தாண்டுப் பி.இ. அதற்கு "சாண்ட்விச்" என்றே பெயர். இரண்டு ரொட்டிக்கு நடுவே என்ன வைப்பார்கள் என்று கேட்ட பாட்டி ஒருவருக்கு, அவர் பேரன், "இரும்பு" என்று விடை சொன்னானாம். இவ்வழியிலே தொழிற்கூடத்தில் நின்ற நேரமும் படிப்பின் கணக்கிற் சேர்ந்தது. நாயுடு அவர்கள் கேட்ட கேள்விக்கு, ஆண்டைக் குறைக்காமற் கூட்டியே சொல்லப்பட்ட விடை இது என்று கொள்ளலாம்.

இரும்பை விட்டு மண்ணுக்கு வருவோம். பெரியநாயக்கன்பாளையத்தில் ஸ்ரீ ராமகிருஷ்ண மிஷன் வித்தியாலயத்தைத் தோற்றுவித்த திரு. தி. சு. அவினாசிலிங்கம் அவர்கள், 1946 முதல் 1949 வரையில் சென்னை மாகாணக் கல்வி மந்திரியாகவும் இருந்தவர். 1930-ல் சிறு பள்ளியாகத் தொடங்கிய வித்தியாலயம், 1956-ல் கிராமிய உயர்கல்வி நிலையம் ஒன்றைப் பெற்றது. அதன் பின்னணி இது: 1948-ல் டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த சர்வகலாசாலைக் குழு, டென்மார்க்கு நாட்டு மக்கள் கல்லூரிகளை எடுத்துக்காட்டி, இந்தியாவில் கிராமச் சர்வகலாசாலைகள் வேண்டும் என்றது. 1956-ல் கிராமிய உயர்கல்விக்கென ஒரு தேசிய மன்றம் அமைந்தது. நாட்டின் பல பகுதிகளிற் கிராமிய நிலையங்கள் எழுந்தன. தமிழ்நாட்டிற்கு இரண்டு கிடைத்தன. ஒன்று நம் பெரியநாயக்கன்பாளையம், மற்றது திண்டுக்கல்லை அடுத்த காந்திகிராமம்.

அங்கே கற்பித்தது நகரத்துக் கல்லூரிப் பாடம் அன்று. ஊரகப் பணியில் மூன்றாண்டுப் பட்டயம், ஊரகப் பொறியியலில் ஒரு பட்டயம், விவசாயத்தில் ஒரு சான்றிதழ் என்று வகுத்தனர். மாணாக்கர் ஊருக்குள் போய், கிணறு, வாய்க்கால், கூட்டுறவுச் சங்கம், குழந்தைகளின் நலம் முதலியவற்றைக் கண்டு செய்து கற்க வேண்டும். சர்வகலாசாலையின் வேலிக்குள் நின்றால் இது முடியாது என்று கருதியே வேலிக்கு வெளியே நிலையம் கட்டினர். ஊரகப் பணிப் பட்டயம் முதற் பட்டத்துக்கு ஒப்பு என்று மத்திய அரசாங்கம் உத்தியோகத்தின் பொருட்டு ஏற்றது. ஆனால், மேற்படிப்பு என்று வந்தபோது ஒவ்வொரு சர்வகலாசாலையும் தன் வாசலில் தானே காவல் நின்றது. தில்லி ஒப்பினும், பட்டயத்தை ஏற்பதும் மறுப்பதும் அவ்வச் சர்வகலாசாலையின் விருப்பமாயிற்று. "பி.ஏ. என்று போட்டுக்கொள்ளலாமா?" என்று தகப்பனார் கேட்கும்போது, மூன்று வாக்கியத்தில் விளக்கவேண்டிய பட்டயத்தைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளை என்ன செய்வான்?

முடிவு என்ன? வெளியே கட்டியவர்கள் உள்ளே வந்தனர். காந்திகிராமம் 1976-ல் சர்வகலாசாலைக்கு நிகரான நிலை பெற்று, தானே பட்டம் அளிக்கலாயிற்று. வித்தியாலயத்திலும் கலை, அறிவியற் கல்லூரி சர்வகலாசாலை இணைப்போடு நடக்கலாயிற்று. இதைத் தோல்வி என்று சொல்ல எமக்கு மனம் வரவில்லை. இரண்டு இடங்களிலும் பெருங்காரியங்கள் நடந்துள்ளன. ஆயினும், ஒரு புதுக்கல்வி தன் பட்டயத்துக்கு மதிப்புத் தேடித் தேடி, இறுதியிற் பழைய கல்வியின் சட்டையையே அணிந்துகொள்ள நேர்ந்ததென்பது வரலாறு.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். மதிப்பு எளிதிற் கொடுக்கப்பட்டபோது விளைந்த கேடுகளும் சிறியன அல்ல. திறந்தநிலைக் கல்வி என்னும் பெயரால், பள்ளிப் படிப்பை முடியாதவரும், முதற் பட்டம் பெறாதவரும் நேராக மேற்பட்டம் பெறும் வழிகள் நம் மாநிலத்திற் பெருகின. 2009-ஆம் ஆண்டு பிப்ரவரியில், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கில், முதற் பட்டம் இன்றிப் பெற்ற எம்.ஏ. செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வாண்டே தமிழ்நாட்டு அரசும், பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு என்னும் படிகளைக் கடந்து பெறாத திறந்தநிலைப் பட்டங்கள் அரசுப் பணிக்கு உதவா என்று ஆணையிட்டது. 2017-ல் உச்ச நீதிமன்றம், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் நான்கு அனுமதியின்றி அஞ்சல் வழியே நடத்திய பொறியியற் படிப்புகளைப் பற்றித் தீர்ப்பளித்தது; 2001 முதல் 2005 வரையிற் சேர்ந்தவர்களின் பட்டங்கள் நிறுத்தி வைக்கப்பட்டு, அவர்கள் மறுபடியும் பரீட்சை எழுதித் தேற வேண்டியதாயிற்று. தலை நரைக்கத் தொடங்கிய பொறியாளர்கள், பிள்ளைகளின் கணக்குப் புத்தகத்தை இரவல் வாங்கிப் படித்தனர். பட்டறையிற் பொறியியல் கற்கலாம். தபாற்பெட்டியிற் கற்கலாகாது என்பதை ஒப்புகிறோம். ஆனால் தண்டனை பெற்றது யார் என்பதைக் கவனிக்க. கட்டணம் வாங்கியவருக்கு நேர்ந்ததைவிட, கட்டணம் கட்டியவருக்கு நேர்ந்ததே பெரிது.

பிற தேசத்தார் இச்சிக்கலை எவ்வாறு அவிழ்த்தனர்? அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போர் முடிவில் இலட்சக்கணக்கான போர்வீரர் ஊர் திரும்பினர். ரேடியோ பழுது பார்க்கவும், விமான இயந்திரம் கழற்றவும் படையிலே கற்றவர்கள் அவர்கள். அவர்களைக் கல்லூரியில் முதலாண்டிலிருந்து தொடங்கச் சொல்வது முறையன்று என்று கண்ட அமெரிக்கக் கல்வி மன்றத்தார், படைப் பயிற்சி ஒவ்வொன்றையும் பேராசிரியர்களைக் கொண்டு பரிசோதித்து, இன்ன பயிற்சி கல்லூரிப் பாடத்தில் இத்தனை கிரெடிட்டுக்குச் சமம் என்று நூல் வெளியிட்டனர். 1974 முதல் தொழிற்சாலைகளும் வணிக நிலையங்களும் தம் வேலையாட்களுக்கு அளிக்கும் பயிற்சிக்கும் இம்முறை விரிந்தது. இதிலே இரண்டு நுட்பங்கள் உள. அளப்பவர் கற்பிப்பவரும் அல்லர், முதலாளியும் அல்லர், நடுவர். மேலும் அம்மன்றம் பரிந்துரை மட்டுமே செய்யும். ஏற்பதும் தள்ளுவதும் அவ்வக் கல்லூரியின் உரிமை. ஆகவே அங்கேயும் கதவு தானாகத் திறப்பதில்லை. திறப்பதற்கு ஒரு சாவி கையிற் கொடுக்கப்பட்டது.

நம் தேசத்தில் அத்தகைய சாவி இப்போதுதான் வார்க்கப்படுகிறது. 2021-ஆம் ஆண்டு ஜூலையில் பல்கலைக்கழக மானியக் குழு, கிரெடிட் வங்கி என்னும் ஏற்பாட்டுக்கு விதி வகுத்தது. மாணாக்கர் வெவ்வேறு இடங்களிற் கற்றுச் சேர்த்த கிரெடிட்டுகள், நாம் கூட்டுறவு வங்கியிற் பணம் போடுவது போல், அவர் பெயரிற் பதிந்திருக்கும். ஏழாண்டு வரையிற் செல்லுபடியாகும். ஆயின் பட்டம் கொடுக்கும் நிலையத்திலேயே குறைந்தது பாதி கிரெடிட்டுகளைப் பெற்றிருக்க வேண்டும். 2023-ல் வெளிவந்த தேசியக் கிரெடிட் கட்டமைப்போ இன்னும் ஒரு படி மேற்சென்றது. பள்ளிப் பாடம், கல்லூரிப் பாடம், தொழிற்பயிற்சி, வேலை அனுபவம் ஆகிய எல்லாவற்றையும் ஒரே படியால் அளக்கலாம் என்றது. 30 மணி நேரக் கற்றலுக்கு ஒரு கிரெடிட். ஆண்டுக்கு 1,200 மணி, 40 கிரெடிட். லேத்தின் முன் நின்ற நேரமும் இதில் அடங்கும். ஆனால் நின்றதனால் மட்டும் அடங்காது, சோதித்துத் தேர்ந்தபின்னரே அடங்கும். இவ்விதி எமக்குப் பிடித்திருக்கிறது. தமிழ்நாட்டு அரசு 2022 மார்ச்சில் தொடங்கிய "நான் முதல்வன்" திட்டமும், தொழில் நிறுவனங்களின் பயிற்சியைக் கல்லூரிப் படிப்போடு இணைக்க முற்பட்டது.

சத்தமின்றி நெடுங்காலமாக நடந்துவரும் வேறொரு வழியை நம்மவர் பலர் அறியார். ஐ.டி.ஐ. தேறியவர் பாலிடெக்னிக்கிலே நேராக இரண்டாம் ஆண்டிற் சேரலாம். பாலிடெக்னிக் தேறியவர் பொறியியற் கல்லூரியில் இரண்டாம் ஆண்டிற் சேரலாம். இஃது ஒருவகைக் கிரெடிட் அன்றி வேறென்ன? பெயர் வைக்காமலே செய்த காரியம். 1961-ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டத்தின்படி பழகியவர் பெறும் தேசியச் சான்றிதழும் அரசாங்கச் சான்றிதழே. நம் வீட்டுப் பிள்ளைகள் அதைப் பெட்டியில் மடித்து வைத்துவிடுகின்றனர். மாமன் மகன் கொண்டுவரும் கல்லூரிச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டுகின்றனர். இதில் அரசாங்கத்தைக் குறை கூற ஒன்றுமில்லை. பெண் கொடுக்கும் வீட்டில் முதற் கேள்வி என்னவென்று நமக்கே தெரியும்.

பெற்றோர்க்கும் இளைஞர்க்கும் ஒரு வார்த்தை. "எங்களிடம் பயின்றால் பட்டத்துக்குக் கணக்காகும்" என்று எவர் சொன்னாலும், எந்தப் பட்டத்துக்கு, எந்தச் சர்வகலாசாலையில், எத்தனை கிரெடிட் என்று எழுத்தில் கேளுங்கள். அந்தச் சர்வகலாசாலை அதை ஏற்கும் ஆணையின் எண்ணையும் தேதியையும் கேளுங்கள். நீங்கள் சேரும் நாளில் உள்ள விதி, நீங்கள் முடிக்கும் நாளிலும் உங்களுக்குச் செல்லுமா என்று கேளுங்கள். 2013-ஆம் ஆண்டு மே மாதத்தை நினைவிற் கொள்க. கேட்பதற்குக் கூச்சப்பட்டால், பின்னர்ப் பதினான்கு மாதம் அலைய நேரும். கேள்வி கேட்டால் கோபித்துக்கொள்ளும் நிலையத்தில் சேராதிருப்பதே நலம்.

இனி நம் சங்கத்துக்கு வருவோம். உபகாரச் சம்பள விதியை எழுதிய முன்னோர், கலாசாலை என்று எழுதியபோது, வெளியூரில் விடுதியிலே தங்கிச் செலவு செய்ய வழியற்ற ஏழைப் பிள்ளையை மனத்திற் கொண்டே எழுதினர். அந்நாளிற் படிப்பு என்றால் கலாசாலைதான். வேறு சொல் அவர்களிடம் இல்லை. இன்று கணபதியில் பழகுநராக இருக்கும் இளைஞர் பெறும் உதவித்தொகை அறை வாடகைக்கும் உணவுக்குமே போதுகிறதென்று விண்ணப்பத்திற் காண்கிறோம். மாலை வகுப்புக் கட்டணத்துக்கே அவர் நம்மை நாடியிருக்கிறார். மூத்த அங்கத்தினரின் ஐயத்தையும் யாம் இலேசாகத் தள்ளவில்லை. தொழிற்சாலையிற் கூலி வேலை செய்பவரெல்லாம் பயிற்சி என்று பெயர் சொல்லிக்கொண்டு வந்தால் நிதி தாங்காது. அதற்கு அளவுகோல் வேண்டும்.

ஆகையால் விதியில், "கலாசாலையிற் பயிலும் மாணாக்கர்க்கு" என்பதன்பின், "அரசாங்கத்தால் ஏற்கப்பட்ட நிலையம் ஒன்று சோதித்துப் பட்டத்துக்கோ பட்டயத்துக்கோ கணக்கிட்டுக்கொள்ளும் பயிற்சியில் இருப்பவர்க்கும்" என்னும் சொற்களைச் சேர்க்குமாறு வருகிற மகாசபையில் முன்மொழிய இருக்கிறோம். வழிமொழியவும், எதிர்மொழியவும் விரும்பும் அங்கத்தினர்கள் தம் கருத்தை எழுதிச் சங்கக் காரியதரிசி அவர்களுக்குச் சபை கூடுவதற்குப் பத்து நாட்களுக்கு முன்னர்ச் சேர்ப்பித்தால், இவ்விதழிலேயே வெளியிடப்படும். அவ்விளைஞரின் விண்ணப்பமும், அவர் இணைத்தனுப்பிய பழகுநர் பதிவுச் சீட்டின் நகலும் அலுவலகத்தில் உள்ளன. பார்க்க விரும்புவோர் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து பார்க்கலாம்.